புள்ளி வைத்த வரிகள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாலமன் பழவேற்காட்டுக்கு வந்துவிட்டார். கையில் கூடை நிறைய நண்டு. கோட்டைக்குப்பத்திலிருந்து நண்டு சும்மா வராது என்பது இறால் வியாபாரி வீட்டில் பிறந்த அப்துல் லத்தீப்புக்குத் தெரியும். இந்த நண்டு எதற்காக வந்திருக்கிறது என்பதோ அவனுக்கு அளவுக்கு மீறியே தெரியும்.

"தம்பி, நீ சொன்னா மேனேஜரு கேப்பாராமே. எம்பொண்ணு புத்திகெட்டுப் போயி இன்னாத்தையோ தட்டிட்டுது. நாளைக்கு விசாரணையாம். நீதான் ஒரு வார்த்த சொல்லி வைக்கணும்."

லத்தீப் நண்டுகளைப் பார்த்தான். கொடுக்கைக் கட்டிப் போட்ட நிலையிலும் அவை அவனைவிட நிம்மதியாக இருந்தன.

அது எண்பத்தெட்டாம் வருஷம். லத்தீப்புக்கு மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சாலமன் மகள் ஜெசிந்தாவை அங்கே ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். கம்பெனி சொந்தமாக ஒரு மென்பொருள் கருவி வைத்திருந்தது. பெரிய புரோகிராம் ஒன்றின் துண்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டுவது அதன் வேலை. கட்டி முடித்ததும் மிச்சம் மீதியைக் குப்பைபோலத் தானே கூட்டித் தள்ளி அழித்துவிடும். இன்னின்னதைக் கூட்டாதே என்று சொல்லவும் அதில் ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளை புள்ளியில் தொடங்கும்.

கருவிக்கு ஒரு கையேடு இருந்தது. இங்கே இடம் விடு, இங்கே எழுத்தைத் தடித்துப் போடு என்று அச்சு இயந்திரத்துக்கு இடும் உத்தரவுகளும் அதில் புள்ளியில்தான் தொடங்கின. கருவியை வாங்கவிருந்த சிங்கப்பூர்க்காரர்கள் அந்தப் பழைய முறை வேண்டாம், கோண அடைப்புக்குறி போடும் புது முறையில் கையேட்டை மாற்றித் தா என்றார்கள். மூன்று மாதம் ஆகுமா என்று மேனேஜர் கேட்டார். எதிராளி ஒரு கணக்குச் சொன்னால் அதைப் பாதிக்கும் கீழே இழுப்பது லத்தீப்பின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். "ஒரு வாரம் சார்" என்றுவிட்டான். மேனேஜர் அவனுக்கு எடுக்கப்போகும் சிங்கப்பூர் டிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

உட்கார்ந்து மாற்ற நேரமேது? மாற்றித் தர ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினான். தெரிந்த புள்ளி உத்தரவு வந்தால் அடைப்புக்குறியாக்கு, தெரியாத புள்ளி வரி வந்தால் தூக்கி எறி. அது விசுவாசமாக எறிந்தது. கையேட்டில் இருந்த கூட்டாதே என்ற கட்டளையும் புள்ளியில் தொடங்கியதால் குப்பையோடு போயிற்று.

சரிபார்த்திருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டு வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. நெடுநாள் பழகிய ஆளின் இறால் கூடையில் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவக் கூடாது. துழாவினால் அவரைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். மேலே இருப்பதைப் பார்த்து விலை சொல்லிவிட வேண்டியதுதான். லத்தீப்பும் முதல் சில பக்கங்களைப் பார்த்தான். பளபளவென்று இருந்தன. கூடை தன்னுடையது, அதற்கு மரியாதை தேவையில்லை என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஜெசிந்தா புதுக் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றிக் கருவியை ஓட்டினாள். ஒரு பேங்குக்காகச் செய்து வைத்திருந்த வேலை மொத்தமும் கூட்டிப் பெருக்கப்பட்டது. நகல் எடுத்து வைக்காத பெரியவர்கள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. புத்தகத்தைப் படிக்கத் தெரியாத பெண் என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலையே லத்தீப் பழைய கையேட்டை எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு மேஜைக்குள் வைத்துப் பூட்டினான்.

"அண்ணே," என்றான் இப்போது. "புத்தகத்துல அந்த வரி இல்ல. நான்தான் விட்டுட்டேன். ஜெசிந்தா சரியாத்தான் செஞ்சிருக்கு."

சாலமனுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று.

"எப்பத்துலேந்து தெரியும் உனுக்கு?"

"புதன்கிழமை."

"புதங்கெழமை சாயங்காலந்தான் அத திட்டி அடிச்சேன்," என்றார் சாலமன். "குப்பமே பாத்துக்கினு இருந்திச்சு. இன்னிவரைக்கும் அதும் வாயத் தொறக்கல, நீயும் வாயத் தொறக்கல."

லத்தீப்புக்குள் இருந்த வியாபாரி அவசரமாக எழுந்தான். "பிரிண்டர் கோளாறுன்னு சொல்லிடலாம்ணே. யாருக்கும் நஷ்டமில்ல. அதுக்கும் வேலை திரும்பக் கெடைச்சிடும், எனக்கும்..."

"யார்கிட்ட பேரம் பேசுற?" சாலமன் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நட. அங்க வந்து சொல்லு. நான் திட்டுனது எவ்ளோ தூரம் கேட்டுதோ, அவ்ளோ தூரம் கேக்கணும்."

கோட்டைக்குப்பத்து மணலில் பெண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். லத்தீப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தான், அடைப்புக்குறிக்குப் போனான், சிங்கப்பூரை எட்டிப் பார்த்தான்.

"இன்னா சொல்லுது இந்தப் புள்ள?" என்றாள் மணியம்மாள், வலையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஏதாச்சும் விக்க வந்துக்குதா?"

யாரோ சிரித்தார்கள். ஏலத்தில் தெருக்கோடி வரை கேட்கும் குரல் அவன் குரல். அந்தக் குரலை இப்போதுதான் எடுத்தான்.

"தப்பு என்னோடது," என்றான் கடைசியில். "ஜெசிந்தாவோடது இல்ல. எனக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

வலை பிரித்த கைகள் நின்றன. சாலமன் மகளின் பக்கம் திரும்பினார். நண்டுக் கூடையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் படகுகள் இருந்த பக்கம் போய்விட்டார்.

ஜெசிந்தா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"இத நாளைக்கு மேனேஜர்கிட்டயும் சொல்லணும்."

"சொல்றேம்மா."

"பழைய புத்தகத்தயும் எடுத்துக் குடுக்கணும்."

"குடுக்கறேன்."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்தது போதவில்லை போலிருந்தது.

"மொத பஸ்ஸுக்கு நீங்களா வரவேணாம்," என்றாள். "நானே உங்க வூட்டாண்ட வந்து கூட்டிக்கினு போறேன்."