நாலு மரை

மைத்துனன் என்பதற்காக ஒருவனை மதித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஃபிட்டர் அவனை மதித்ததும் இல்லை. மனைவியின் தம்பி, வேலைக்கு வந்த மூன்றே வருடத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாவிட்டாலும் சட்டை மடிப்பு மட்டும் கலையாமல் பார்த்துக்கொள்வான்.

அந்த மகராசன் செய்துவைத்திருந்த காரியத்தைக் காலையில்தான் ஃபிட்டர் பார்த்தார். நீராவிக் குழாயின் இணைப்பில் பதினாறு போல்ட். மத்தியானம் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். நட்டுக்கு மேலே போல்ட் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தது இந்தத் துரையின் கண்ணை உறுத்தியிருக்கிறது. கிரைண்டர் வைத்து எல்லாவற்றையும் பாதிக்கு மேல் நறுக்கச் சொல்லிவிட்டான். பிள்ளைக்கு முடி வெட்டிவிட்டு அழகு பார்ப்பதுபோல அதில் ஒரு பெருமை வேறு.

அந்தப் போல்ட்டுகளை இறுக்க ஃபிட்டர் கொண்டுவந்த டென்ஷனருக்குப் பிடிமானமே அந்த நீட்டல்தான். அதை நட்டின் மேல் உட்காரவைத்து, இழுக்கும் பாகத்தைக் கையாலேயே போல்ட்டில் திருகி, பம்ப் அடித்து எண்ணெயை ஏற்றினால், அது போல்ட்டை மேலே இழுத்து நீட்டும். அந்த நேரத்தில் நட்டைக் கீழே ஒட்டத் திருப்பிவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் லாரி டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு அழுத்தம். போல்ட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளமாவது மரை வெளியே இருந்தாக வேண்டும். ஃபிட்டர் திருகிப் பார்த்தார். ஒன்பது மரை பிடிக்க வேண்டிய இடத்தில் நாலுதான் பிடித்தது.

"மச்சான், இது தாங்காது. மரை பிச்சுக்கிட்டு டென்ஷனர் கிளம்புச்சுன்னா ஆள் காலி. புது போல்ட் வரவழை."

"அது வர ரெண்டு நாள் ஆகும் மாமா. இன்னைக்கே முடிச்சாகணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, மேல எழுதிடறேன். வேலை போச்சுன்னு அப்புறம் அக்கா எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அக்காவை இழுத்தது சுருக்கென்று தைத்தது. ஒரு சம்பளத்தில் ஓடுகிற வீடு என்று தெரிந்துதான் பேசுகிறான்.

"சரி, உங்களுக்காக நானே பம்ப் அடிக்கறேன். நீங்க நட்டை மட்டும் திருப்புங்க," என்றான், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவனாட்டம்.

ஹோஸ் எட்டும் மட்டும் பம்ப்பை இழுத்துக்கொண்டு போனான். போய், கான்கிரீட் தூணுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டான்.

அந்த நிமிடம்வரை ஃபிட்டர் அவனை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தார். முட்டாளாக இருந்தால் பக்கத்திலேயே நின்றிருப்பான்.

"மாத்திக்கலாம் மச்சான். நான் அங்க வந்து பம்ப் அடிக்கறேன். நீ இங்க வந்து நட்டைத் திருப்பு."

மைத்துனன் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"விளையாடாதீங்க மாமா," என்று அங்கிருந்து குரல் வந்தது. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"எனக்கு ஒண்ணுதான்," என்றார் ஃபிட்டர். "அதுவும் உங்க அக்கா பெத்ததுதான்."

ஹோஸைக் கழற்றினார். டென்ஷனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"எழுதறதை எழுதிக்க. எதுக்கு முடியாதுன்னு சொன்னேன்னும் சேத்து எழுது."

அவர் வாசலைத் தாண்டும்வரை அவன் தூணை விட்டு வெளியே வரவில்லை.