தேவையான அளவு உப்பு

வீட்டில் அவருக்குப் பெயர் ஆபீசர். ஓய்வு பெற்று எட்டு மாதமாகிவிட்டது. பதவி மட்டும் அவரை விட்டு இறங்க மறுத்தது.

மருமகள் ஒருத்தி மட்டும் அவரை 'சார்' என்பாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நான்கு வருடம் அவருக்குக் கீழே கடிதங்கள் எழுதிக் கொடுத்தவள். அவர் மகனைக் காதலித்துக் கல்யாணம் முடித்து மூன்று மாதமாகியும், அவர் கூடத்துக்குள் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறாள்.

"இன்னிக்கு உங்கம்மா மொத தடவையா வர்றாங்க," என்றாள் மாமியார். "நீ சார் சார்னு நிக்கறதப் பாத்தா, பொண்ணக் கட்டிக் குடுத்தோமா வேலைக்கு அனுப்பினோமான்னு அவங்களுக்குச் சந்தேகம் வராதா?"

"வாயில வர மாட்டேங்குது அத்தை. பாத்ரூம்ல சொல்லிப் பாக்கறேன், அங்க நல்லா வருது. இவர் முன்னாடி வந்தா லீவு கேக்கற மாதிரி ஆயிடுது."

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த ஆபீசர் காதில் இதெல்லாம் விழுந்தது. அந்த 'மாமா'வுக்காக அவர் மூன்று மாதமாகக் காத்திருந்தார். ஆனால் வாய்விட்டுக் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மருமகளின் அம்மாவுக்குப் பிடித்தது, மேலே உப்புத் தூவிய சாக்லேட் குக்கீ. மருமகள் செய்முறையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வெண்ணெய் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது தாளில் சிவப்பு மை.

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் மேசையிலிருந்து எந்த வரைவும் திருத்தாமல் போனதில்லை. தப்பு இல்லாவிட்டால் 'எனவே' என்பதை 'ஆகவே' என்று மாற்றுவார். அது மறுபடி வந்தால் 'எனவே' என்று மாற்றுவார். இப்போதும் கை சும்மா இருக்கவில்லை. 'ஒரு சிட்டிகை உப்பு' அடிபட்டு 'தேவையான அளவு உப்பு' ஆகியிருந்தது. ஓரத்தில் கையெழுத்து.

"சார், தேவையான அளவுன்னா எவ்வளவு சார்?"

சமையலறையில் தண்ணீர் குடித்ததைத் தவிர அவருக்கு வேறு அனுபவம் இல்லை. ஆனால் 'தெரியாது' என்று சொல்லும் வழக்கம் அவர் துறையிலேயே கிடையாது.

"அது வந்து... தாராளமா ரெண்டு ஸ்பூன் போடலாம்மா."

ஒரு சிட்டிகை போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சார் கையெழுத்துப் போட்ட தாளை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டு குக்கீகள் மேல் இரண்டு ஸ்பூன் உப்பும் இறங்கியது.

ஓவனிலிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் உருகும் வாசனை வந்தபோது ஆபீசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வையிட்டார். ஆறியதும் மாமியார்தான் முதலில் கடித்தாள். கடித்த வேகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினாள்.

"கடல்ல முக்கி எடுத்தியாடி?"

மருமகள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "அம்மா வந்திடுவாங்க... நான் ஒரு சிட்டிகைன்னுதான் எழுதினேன் சார்."

ஆபீசர் அந்தக் கண்ணைப் பார்த்தார். 'தப்பு என்னோடதும்மா' என்று சொல்லத்தான் நினைத்தார். பழக்கமில்லாத வாக்கியம். ஆகவே ஒரு குக்கீயை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

"யார் சொன்னது? நல்லா எடுப்பா இருக்கு."

இரண்டாவதையும் தின்றார். முகம் சிவந்து, காது மடல்வரை வியர்த்தது. கை மூன்றாவதுக்கு நீண்டது.

"என்ன மாமா நீங்க!" தட்டைப் பிடுங்கினாள் மருமகள். "பிரஷர் மாத்திரை போடற ஆளு திங்கற தீனியா இது? கீழ வைங்க. வைங்கன்னா வைங்க! இனிமே நான் எழுதின தாள்ல கை வைங்க, அப்பறம் இருக்கு உங்களுக்கு. முதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க, முழுசா!"

தொட்டியருகே நின்ற மாமியார் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. என்ன சொன்னோம் என்பது மருமகளுக்கே உறைக்கவில்லை. உப்புத் தூவாத மிச்ச மாவை உருட்டித் தட்டில் வைத்தபடி இன்னும் பொரிந்துகொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. ஆபீசர்தான் போய்க் கதவைத் திறந்தார். மகன் பையோடு நின்றான். அவன் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, உள்ளே கேட்கும் குரல் தன் மகளுடையதுதானா என்று திகைத்துப்போயிருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. உங்க பொண்ணு என்னத் திட்டிக்கிட்டு இருக்கா. இன்னும் முடியல, செத்த உக்காருங்க," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கேட்க ஆபீசர் சமையலறைக்கு விரைந்தார்.