பதினாறு முழங்கால்கள்

இசை நாடகத்துக்கு நடனம் அமைப்பவளுக்கு வாயைவிடக் கால் முக்கியம். நான் ஆடிக்காட்டுவதைப் பார்த்துத்தான் குழு பிடித்துக்கொள்ளும். அந்தக் காலில்தான் எனக்குச் சனி. எட்டு மாதமாக வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மருத்துவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று வாய்தவறிச் சொன்ன சண்டைப் பயிற்சியாளரை மறுநாளே மாற்றியவர் எங்கள் நாடக முதலாளி. எனக்கு உதவியாக இருக்கும் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. அவள் ஓட்டை வாய்.

நேற்று முதலாளி ஒத்திகை பார்க்க வந்தார். ரயில் நிலையக் காட்சி. குழுவின் பதினாறு பேரும் பயணப் பெட்டிகள் மேலிருந்து குதித்தார்கள். பதினாறு பேரும் இடது காலை ஊன்றி, வலதை ஒரு நொடி தாமதித்து வைத்தார்கள். நான் அமைத்ததில் அப்படி ஒன்று இல்லை. அது என் நொண்டல். ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள், பாவிகள்.

முதலாளிக்கோ பிடித்துப்போயிற்று. அந்தத் தயக்கம் பிரமாதம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு எட்டுக் காட்சி, பாரம் முழுக்க ஒரே காலில். ஓரத்தில் ஒருத்தி ஏற்கெனவே இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் இதுகளின் கால் போகும். முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"சார், அது ஸ்டெப் இல்ல. எனக்குக் கால் வலி. நான் நொண்டுறதைப் பார்த்து இவங்களும் நொண்டுறாங்க. இப்படியே குதிச்சா இவங்க காலும் போயிடும்."

எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். சரியாகக் குதித்துக் காட்டச் சொன்னார். முடியாது என்றேன். அவர் பார்வை தங்கையிடம் போயிற்று. அவள் பெட்டி மேலேறிக் குதித்தாள். இரண்டு காலும் ஒன்றாக, சத்தமே இல்லாமல். நாளையிலிருந்து அவளே நடத்தட்டும், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தங்கை மறுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, கடைசிப் பாட்டோட ஸ்டெப் எழுதின நோட்டு எங்க வச்சிருக்க?"

பையில் என்றேன். எடுத்துக்கொண்டு போய், மறுபடி என்று கை தட்டினாள். பதினாறு பேரும் சரியாக இறங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. அது வேலை போன அழுகையா, அதுகளின் கால் பிழைத்த நிம்மதியா என்று என்னைக் கேட்காதீர்கள்.