கருப்பையா, ஆண், வயது எழுபது

திருவரங்குளம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் வெற்றி இ-சேவை மையத்துக்குள் நுழைகிறவர்கள் எதற்காக வந்திருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. "அண்ணே, ரயில் டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிருமா?" ஆதாரில் பெயர் திருத்த வந்தவர்கூடப் போகிற போக்கில் கேட்டுவிட்டுத்தான் போவார். மையத்தை நடத்தும் வெற்றிசெல்வனும் ஜோசியர் மாதிரி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆயிரும், தைரியமாப் போங்க" என்பான். பெரும்பாலும் ஆகியும்விடும். அதனால் ஊரில் அவனுக்கு நல்ல பெயர். பெயர் வந்த பிறகு தலைக்கனம் வராமல் இருக்குமா? ரயில்வேயின் கணினியை ஏதோ தானே பெற்று வளர்த்த தோரணையில் பேச ஆரம்பித்திருந்தான்.

அந்தக் கணினி எங்கோ தொலைவில் இருக்கிறது. நாடு முழுவதும் ஓடுகிற ரயில்களில் எந்தப் பெட்டியில் எந்தப் படுக்கை காலி என்று அதற்குத் தெரியும். முன்னால் வந்தவருக்கு இடம் தரும், பின்னால் வந்தவரை வரிசையில் நிறுத்தும், யாராவது ரத்து செய்தால் வரிசையை ஒரு அடி நகர்த்தும். ஒரே ஒரு குறை, நாம் எதை அடித்தாலும் நம்பிவிடும்.

வெற்றிசெல்வனுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியும் பெண் அமையவில்லை. பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒன்று இடித்தது. கடைசியில் தை பிறக்கப்போகிற நேரத்தில் சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பொங்கல் முடிந்த திங்கட்கிழமை வந்து பெண்ணைப் பாருங்கள் என்றார்கள். அப்பா நாகராசு, அம்மா முத்துமாரியம்மாள், தாய்மாமன், மாப்பிள்ளை என்று நாலு பேர் போவதாக ஏற்பாடு. தாய்மாமன் தென்னை மரத்தடியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். நாலு மூன்றாகிவிட்டது.

"மூணு பேராப் போயி பொண்ணு பாக்குறதா? வேற வெனையே வேணாம்!" என்று முத்துமாரியம்மாள் குதித்தாள்.

"ஒரு கல்ல எடுத்து மடியில வச்சுக்க. அதுதான் நாலாவது ஆளு. எல்லாரும் செய்யிறதுதான" என்றார் நாகராசு.

"பெத்த புள்ள கல்யாணத்துக்குக் கல்லக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றீங்களே, வாய் கூசல?"

வெற்றிசெல்வன் சிரித்தான். நெரிசலுக்காக ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பொங்கல் சிறப்பு ரயில் அறிவித்திருந்தார்கள். முன்பதிவு தொடங்கிய நேரத்தில், தன் சொந்தக் கணக்கில் நான்கு படுக்கைகளைப் பிடித்துவிட்டான். நாலாவது பெயர் கருப்பையா, ஆண், வயது எழுபது. குலசாமியின் பெயர். எழுபது வயது என்று கண்டதும் கணினி மரியாதையாகக் கீழ்ப் படுக்கையையே ஒதுக்கியது.

"கருப்பருக்கே டிக்கெட் போட்டாச்சும்மா. இனிமே யாரு மூணு பேருன்னு சொல்லுவா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சடித்த டிக்கெட்டைக் கருப்பர் கோயிலுக்கு எடுத்துப்போய், அரிவாளின் அடியில் வைத்துச் சூடம் கொளுத்தி எடுத்துவந்தாள்.

மறுநாள் கடைக்கு ரஞ்சிதா வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. நர்சிங் படித்துவிட்டு ஆலங்குடியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பவள். கணவன் விட்டுவிட்டுப் போனவன். ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. அரசாங்க நர்ஸ் வேலைப் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு.

"போகலன்னா அடுத்த ஆளக் கூப்ட்ருவாங்களாம்ண்ணே. வயசு வரம்பும் இதோட முடியுது. எப்புடியாச்சும் ஒரு சீட்டு போட்டுக் குடுங்க."

அதே சிறப்பு ரயில்தான் மிச்சமிருந்தது. அதிலும் காத்திருப்பு ஆறு என்று காட்டியது. அவளுக்கு முன்னால் ஐந்து பேர்.

"ஆறுதான? நாளைக்கே உள்ள போயிரும். பொங்கல் கூட்டத்துல ஆயிரம் பேரு போடுவான், அம்பது பேரு கேன்சல் பண்ணுவான். தைரியமா இரு" என்றான் வெற்றிசெல்வன். அதை அவன் நம்பித்தான் சொன்னான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு நாலாயிற்று. நாலு இரண்டாயிற்று. ஞாயிறு காலை ஒன்றில் வந்து நின்றது. யாராவது ஒருத்தர் ரத்து செய்தால் போதும், படுக்கை இல்லாவிட்டாலும் உட்கார்ந்து போக ஒரு இடம் கிடைத்துவிடும். ரஞ்சிதா போன் செய்து கேட்டாள். "ஒன்னுக்கு வந்துருச்சுல்ல? அப்ப ஆனமாதிரிதான். துணிமணிய எடுத்து வை" என்றான்.

போனை வைத்ததும் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. தன் டிக்கெட்டில் கருப்பையாவை மட்டும் தேர்ந்தெடுத்து ரத்து செய்தால் போதும். அடுத்த நிமிஷமே ரஞ்சிதா உள்ளே. மூன்று முறை மவுசை அழுத்துகிற வேலை. கை மவுசுக்குப் போகவும் செய்தது. அம்மா சூடம் கொளுத்திய டிக்கெட். தெரிந்தால் அபசகுனம் என்று அழுவாள், பெண் பார்க்கப் போகிற இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இந்த இடமும் தட்டிப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதோடு, இத்தனை பெரிய ரயிலில் ஒருத்தர்கூடவா ரத்து செய்யாமல் இருப்பார்கள்? எவனாவது செய்வான் என்று கையை எடுத்துக்கொண்டான்.

எவனும் செய்யவில்லை. பயணிகள் பட்டியல் இறுதியாகிவிட்டது. வரிசையில் எஞ்சிய டிக்கெட்டுகள் தானாகவே ரத்தாகிவிடும். அவர்கள் ரயிலில் ஏறக்கூடாது. ரஞ்சிதாவின் பெயருக்கு நேராக அதே ஒன்று நின்றது. இனி கருப்பையாவை ரத்து செய்தாலும் அவளுக்குப் பிரயோஜனமில்லை.

"கெடைக்கலம்மா. உடனே பஸ்ஸப் புடிச்சுப் போயிரு" என்று போனில் சொன்னான்.

"ஒருத்தர்கூடவாண்ணே கேன்சல் பண்ணல?"

"சிஸ்டம் அப்புடித்தான்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

புதுக்கோட்டையில் ரயில் ஏறியதும் முத்துமாரியம்மாள் கீழ்ப் படுக்கையில் புதுத் துண்டு ஒன்றை விரித்தாள். பழத் தட்டு, பூக்கூடை, தேங்காய்ப் பை எல்லாவற்றையும் அதன் மேல் அடுக்கினாள். டிக்கெட் பரிசோதகர் கையில் டேப்லெட்டோடு வந்தார். ஆள் வராத இடத்தை அவர் அதில் குறித்தால், அது பெட்டியில் அரை இருக்கையில் குறுகி உட்கார்ந்திருப்பவருக்குப் போய்விடும்.

"கருப்பையா யாரு?"

"பாத்ரூம் போயிருக்காருங்க சார்" என்றான் வெற்றிசெல்வன், கொஞ்சமும் தடுமாறாமல்.

அவர் டேப்லெட்டைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெற்றிசெல்வன் மேல் படுக்கையில் ஏறித் திரும்பிப் படுத்துக்கொண்டான். கீழே பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பெண்ணின் பெயர் பிரகதீஸ்வரி. அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது, அவனுக்கும் பிடித்தது. அன்றைக்கே பூ வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். முத்துமாரியம்மாள் சம்பந்தி வீட்டிலேயே கருப்பருக்கு டிக்கெட் போட்ட கதையை ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கேசரித் தட்டைத் தள்ளி வைத்தான்.

ஊருக்குத் திரும்பியபோது செய்தி முன்னாலேயே வந்திருந்தது. ரஞ்சிதா திருச்சி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறாள். அங்கே சென்னை பஸ்ஸில் அடித்துப்பிடித்து ஏறி, செங்கல்பட்டுக்கு முன்னால் பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிற கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். அலுவலகத்தை அடைந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்தவரை உள்ளே அழைத்திருந்தார்கள். "ஒரு நாளு முன்னாடியே கெளம்பியிருக்கலாம்ல?" என்று அண்ணி தெருவில் நின்றே கேட்டாளாம்.

வெற்றிசெல்வன் அதற்குப் பிறகு ரஞ்சிதா வீட்டுத் தெரு வழியாகப் போகவில்லை. யாராவது வந்து டிக்கெட் கன்ஃபார்ம் ஆகுமா என்று கேட்டால், "தெரியலைங்க" என்றான். சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவான், கடை ஷட்டரைத் தூக்குவதோடு அந்தத் தைரியம் முடிந்துவிடும்.

கடைசியில் அவளே வந்தாள். இன்னொரு வாய்ப்புக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டுமாம். நல்ல தமிழில் அடித்துத் தர வேண்டும். அவன் பெறுநர் முகவரியை அடித்துக்கொண்டிருந்தபோது, முத்துமாரியம்மாள் லட்டு டப்பாவோடு உள்ளே நுழைந்தாள்.

"அடியே ரஞ்சிதா, எடுத்துக்க. தம்பிக்கு நிச்சயம் ஆயிருச்சு. எல்லாம் கருப்பர் செஞ்சது. மூணு பேராப் போகக் கூடாதுன்னு அவரு பேருலயே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போனோம்ல!"

"அம்மா, வீட்டுக்குப் போங்க. வேலை இருக்கு" என்றான் வெற்றிசெல்வன்.

"எந்த ரயிலு பெரியம்மா?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் விட்டாங்கள்ல, பொங்கல் ஸ்பெஷலு."

லட்டை எடுக்க நீண்ட ரஞ்சிதாவின் கை அப்படியே நின்றது. அவள் வெற்றிசெல்வனைப் பார்த்தாள். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

"நானும் அதுலதான் பெரியம்மா போட்ருந்தேன். எனக்குக் கெடைக்கல."

"அட கூறுகெட்டவளே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்க கூடவே வந்துருக்கலாமே! கீழ பெர்த்து சும்மாதான கெடந்துச்சு, பையத்தான் அடுக்கி வச்சிருந்தோம். எங்களுக்கும் நாலாவது ஆளு உசுரோட கெடச்சிருக்கும்." முத்துமாரியம்மாள் நிஜமான வருத்தத்தோடு உச்சுக்கொட்டினாள். லட்டு ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

வெற்றிசெல்வனுக்கு உடம்பு கூசியது. இத்தனை நாளும் ரத்து செய்யாமல் விட்ட குற்றத்தைத்தான் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தான். ரஞ்சிதாவையே நாலாவது ஆளாகக் கூட்டிப் போயிருக்கலாம் என்பது ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே! ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவே ரத்து செய்யச் சொல்லியிருப்பாள்.

"எல்லாம் என்னாலதான் ரஞ்சிதா" என்றான். "ஒன்னுன்னு நின்னப்பவே எனக்குத் தெரியும். கேன்சல் பண்ணியிருக்கலாம். பண்ணல."

அவள் பாதி அடித்திருந்த மனுவைத் திரையில் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காரணம்னு ஒரு பத்தி எழுதணும்லண்ணே" என்றாள் கடைசியில். "நீங்களே எழுதுங்க. ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அவன் நிறுத்தாமல் அடித்தான். வராத ஓர் ஆளின் பெயரில் தான் இடம் பிடித்து வைத்திருந்ததையும், அதை ரத்து செய்திருந்தால் மனுதாரருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதையும், மனுதாரர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதையும் எழுதி, தன் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் சேர்த்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான். அடித்து முடித்ததில் நெஞ்சு லேசாகியிருந்தது.

ரஞ்சிதா பொறுமையாகப் படித்தாள்.

"இத எடுத்துருங்கண்ணே."

"உண்மையத்தான எழுதியிருக்கேன்."

"உண்மதான். சாமிக்கு டிக்கெட் போட்ட கதையப் படிச்சுட்டு அங்கிட்டு சிரிப்பாங்க. சிரிச்சுட்டு மனுவத் தூக்கி ஓரமா வச்சுருவாங்க. ஒங்க மனசு ஆறுறதுக்கு என் மனுதான் கெடச்சுதா? எனக்கு இந்த வேல வேணும். ரயிலில் இடம் இல்லாததால்னு மட்டும் போடுங்க."

அவன் அந்தப் பத்தியை அழித்தான். தன் பெயரும் விலாசமும் கடைசியாகப் போயின. அந்த இடத்தில் "ரயிலில் இடம் இல்லாததால்" என்று அடித்து, அச்செடுத்து நீட்டினான்.

ரஞ்சிதா மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, அந்தப் பொய்க்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.