லூர்துமேரியின் கையில் விரல் தடம்

சவரிராயன் ஓங்கிய முதல் அடியிலேயே மருமகன் ஸ்தனிஸ்லாஸின் கை எலும்பு முறிந்தது. தொப்பூர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். லாரிச் சக்கரத்தில் சாய்ந்தவன்மேல் மாட்டுவண்டியின் முளைக்குச்சி மறுபடியும் உயர்ந்தது. அதைப் பற்றியிருந்த சவரிராயனின் வலது கையில் மோதிர விரல் பாதிதான். மீதியைக் கரும்பாலை தின்று வருஷங்களாயின.

"மாமா, சத்தியமா நான் அடிக்கலீங்க! லாரியில ஏத்தறப்ப லூர்துமேரியத் தோளப் புடிச்சுத் தூக்குனேன், அவ்வளவுதான்!"

"தூக்குனா அஞ்சு விரலும் நீலமாப் பதியுமாடா? எங்க வூட்டுப் பொண்ணு மேல வச்ச கையி உருப்படியா இருக்கக் கூடாது!"

அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் ஒன்று தார்ச்சாலையில் தெறித்தது. லூர்துமேரி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "அவரு அடிக்கலப்பா!" அவள் ஈறிலும் ரத்தம் கசிந்தது. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், நல்ல குடும்பத்துப் பெண் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தார் சவரிராயன். மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்து பஸ்ஸில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்தும் ஈறு ரத்தம் நிற்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்தது. தர்மபுரி டாக்டர் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஓர் இருட்டறையில் மைக்ராஸ்கோப்போடு ஒரு மெஷினைப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

"பெரியவரே, ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுவுக்குள்ள வெளிச்சத்தை விடறோம். அணு எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுதோ, அதை இந்த முள்ளு கோடாப் போடும்" என்றார் டாக்டர். "இந்தக் கோடு நல்ல ரத்தம். இது உங்க மகளோடது."

நல்ல ரத்தத்தின் கோடு தாழ்ந்து கிடந்தது. மகளுடையது பனைமரம்போல் எழுந்து நின்றது.

"ரத்தப் புற்றுநோய். அதுலயும் வேகமான வகை. லேசாப் புடிச்சாலே கன்னிப் போகும்."

"உங்க வெளிச்சம் அவன் அடிக்கலைன்னு சொல்லுதா?"

"அதைச் சொல்லாதுங்க. நோயை மட்டும்தான் சொல்லும்."

சவரிராயன் விடுவிடுவென்று வார்டுக்கு நடந்து போர்வையை விலக்கினார். மணிக்கட்டில் கருநீலத் தடம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அதன் பக்கத்தில் பாதி விரல்.

அவர் தம் வலது கையை விரித்துப் பார்த்தார்.

லூர்துமேரி கண்ணைத் திறந்தாள். "அவரக் கூட்டிட்டு வாங்கப்பா. சீக்கிரம்."

தொப்பூர் வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் ஸ்தனிஸ்லாஸின் தாய் ரோசம்மா விறகுக் கட்டையால் நெற்றியில் போட்டாள். "மிச்சக் கையையும் ஒடிக்க வந்தியா?" ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அடிங்க சம்பந்தி. தப்பு எம்மேலதான். எம் மவளுக்கு ரத்தத்துல நோவு. ரொம்ப நாள் தாங்காது. மாப்ளையப் பாக்கணுங்கறா."

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தான். கட்டுப்போட்ட கையோடு செருப்பு வாரை மாட்ட முடியவில்லை. சவரிராயன் குனிந்தார். அந்தக் கால் அவர் மார்பில் ஓங்கி உதைத்தது. மண்ணில் மல்லாந்து விழுந்தார். தெருவே பார்த்தது.

எழுந்து வந்து, மறுபடியும் குனிந்து, வாரை மாட்டினார்.

"பஸ்ஸு வந்துரும், வாங்க மாப்ள."