காய்ச்சல் தொடங்கிய தேதி

நகரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து சின்னசாமி திருப்பதிக்கு வந்தது ரத்தம் கொடுக்க. ஒரே வீட்டில் ஒருவருக்குக் கொரோனா லேசாக வந்துபோய், இன்னொருவர் இறந்துபோன குடும்பங்களைத் தேடிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் பிழைத்தது அவர். இறந்தவன் தம்பி தரணி. மூன்று வருடம் ஆகிவிட்டது.

அப்போது சின்னசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. தரணிக்கு முப்பத்து நான்கு. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் லாரிக்குப் பாரம் ஏற்றுகிறவன், தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. சின்னசாமிக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது. தரணிக்கோ மூச்சு வாங்கத் தொடங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் முடிந்துபோனது. முகம்கூடக் காட்டவில்லை.

தனக்குக் காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்புதான் சின்னசாமி சித்தூரில் ஒரு சாவுக்குப் போய் வந்திருந்தார். “பெரியவரு கொண்ணாந்தாரு, சின்னவன் போயிட்டான்” என்று ஊரில் பேசினார்கள். தரணியின் மாமியார் நடுவாசலில் நின்று அதையே சொன்னாள். தரணியின் மனைவி காவ்யா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தியவேட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னசாமி கல்யாணம் ஆகாத மனிதர். தம்பி குடும்பம்தான் அவருக்குக் குடும்பம். அன்றிலிருந்து தனியாகப் பொங்கி, தனியாகத் தின்று, மாந்தோப்புக் கூலிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். யாரும் கேட்காவிட்டாலும் கொன்றது தான்தான் என்று அவரே நம்பியிருந்தார்.

டாக்டர் ஹரிதா வேலூரில் படித்தவர். தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார்.

“உடம்பு வைரஸை எப்ப எதிர்க்குது, எப்படி எதிர்க்குதுங்கிறதுதான் முக்கியம், சின்னசாமி காரு. உங்களுக்கு முதல்லயே முழிச்சுக்கிட்டு அடக்கியிருக்கும். சில பேருக்கு ஆரம்பத்துல மந்தமா இருந்துடும், வைரஸ் நல்லாப் பெருகிடும். அப்புறம் உடம்பு ஒரேயடியா எழுந்து சண்டை போடும், நிறுத்தாது. அதுல சொந்த நுரையீரலே கெட்டுப்போயிடும்.”

“அவன் திடமான ஆளும்மா.”

“திடமான ஆளுங்களுக்கும் அப்படி ஆயிருக்கு.”

“என் தம்பிக்கு அதுதான் ஆச்சா?”

“இன்னும் தெரியாது. அப்ப எடுத்த அவரோட ரத்தம் கொஞ்சம் ஃப்ரீசர்ல இருக்கு. உங்களோடதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.”

தம்பியின் ஏதோ ஒரு துளி இந்தக் கட்டடத்தில் இன்னும் இருக்கிறது. “பாக்கலாமா?” என்று கேட்டார். டாக்டர் முடியாது என்று தலையசைத்தார்.

பிறகு ஃபைலைப் புரட்டினார். “அவருக்குக் காய்ச்சல் மே மூணாம் தேதி. உங்களுக்கு?”

“ஏழாம் தேதி. எனக்குத்தாம்மா முதல்ல வந்துச்சு.”

“இல்லையே, மூணுன்னுதான் இருக்கு. சேர்க்கும்போது அவர் சம்சாரம் சொன்னதா எழுதியிருக்காங்க.”

சின்னசாமி சாவுக்குப் போனதே நான்காம் தேதி.

ரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஒரு டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டார். பிறகு காவ்யாவுக்குப் போன் செய்தார். குரல் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“ரத்தம் குடுத்துட்டேம்மா. அவன் உடம்பே அவனுக்கு எதிராப் போயிருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுது. ஒருத்தர் மேலயும் தப்பு இல்ல. அத சொல்லத்தான் போன் பண்ணேன்.”

தேதியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

“மாமா, அவருக்குத்தான் முதல்ல வந்துச்சு. லீவு போட்டா வேலை போயிடும்னு மாத்திர போட்டுக்கினு போய்க்கினு இருந்தாரு. உங்ககிட்ட சொல்லாதன்னாரு. அப்பால உங்கள எல்லாரும் பேசறப்ப எனக்கு வாய் வரல. ஏன் தடுக்கலன்னு என்னத்தான கேப்பாங்க.”

“தெரியும்மா.”

“எப்பலேருந்து?”

“இன்னிக்குத்தான்.”

காவ்யா அழுதாள். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. மூன்று வருடமாகச் சுமந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

“தசராவுக்குப் புள்ளய இட்டுக்கினு வரேன்” என்றாள்.

சொன்னபடியே வந்தாள். தெருவில் போகிறவர்களிடம் அவளே நின்று உண்மையைச் சொன்னாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் அது பழைய கதை என்று நகர்ந்தார்கள். குழந்தை, அவர் ஆக்கிய கோழிக் குழம்பைக் காரம் என்று சொல்லிக்கொண்டே தின்றது. அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியவில்லை. பெரியப்பாவை “பெரிநைனா” என்று கூப்பிடக் காவ்யா சொல்லிக்கொடுத்தாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பினார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்து அவர் மூன்று தட்டுகளையும் கழுவினார்.