இருபது நிமிட இரவல்

அம்மா பட்டுச்சேலையில் காரில் ஏறி உட்கார்ந்தபோதே அனுசியாவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

"ஏம்மா, கல்யாணத்துக்கா போறோம்? லைப்ரரிக்கும்மா."

"நாலு பேரு பாக்குற எடத்துக்கு நைட்டியோட வரணுமா?" என்றாள் அன்னம்மா. மடியில் ஒரு முறுக்கு டின் வேறு.

"உள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாது."

"முறுக்கு என்னிக்குடி சாப்பாடு ஆச்சு?"

குருபோங் சாலைச் சிக்னலில் லாரிகளுக்கு நடுவே கார் நின்றது. அனுசியா பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகர். புத்தகத்தைத் தொலைத்துவிட்டுச் சண்டைக்கு வரும் மாணவர்களிடமும், திருப்பித் தராமலே சண்டைக்கு வரும் விரிவுரையாளர்களிடமும் பொறுமைக்குப் பேர்போனவள். அந்தப் பொறுமை அம்மாவிடம் மட்டும் ஏன் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கழன்றுவிடுகிறது என்பது அவளுக்கே தெரியவில்லை.

எல்லாம் புவான் ரொஹானாவால் வந்தது. நூலகத்தின் தலைவி அவர்; அதனால் எல்லோருக்கும் புவான், அதாவது அம்மையார். வருடா வருடம் பண்பாட்டு வாரம் நடத்துவார். கீழ்த்தளத்தில் படக் கண்காட்சி, ஒரு நாள் நடனம், ஒரு நாள் பாட்டு. படிக்க வந்த மாணவர்கள் மேளச் சத்தத்தில் முகம் சுளிப்பார்கள். மேளம் கேட்க வந்தவர்கள் 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே நின்று கை தட்டலாமா கூடாதா என்று விழிப்பார்கள். இந்த வருடம் புதிதாக 'மனித நூலகம்'. புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை இரவல் வாங்கலாம். எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் தன் கதையைச் சொல்வார். மணி அடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஐந்து பேரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களில் உறுமிமேளக்காரர் ஒருவருக்கு ஜொகூரில் கோயில் திருவிழா கிடைத்ததும், மன்னிக்கவும் என்று ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டுக் கழன்றுகொண்டார்.

"உன் அம்மா ரப்பர் தோட்டத்து ஆள்தானே, அனு?" என்று புவான் ரொஹானா மலாயில் கேட்டார். "அசல் ஆளே வீட்டில் இருக்கும்போது வெளியே ஏன் தேடுகிறோம்?"

அம்மா மாட்டேன் என்பாள் என்ற தைரியத்தில்தான் அனுசியா அதை வீட்டில் சொன்னாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அன்னம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரி, வரேன். எத்தன மணிக்கு?" என்றாள்.

அதுதான் அனுசியாவைக் குடைந்தது. ஊரார் முன்னால் உட்கார்ந்து கதை சொல்ல வருகிறேன் என்கிற இந்த மனுஷி, பெற்ற மகளுக்கு ஒரே ஒரு கேள்விக்குக்கூட இதுவரை பதில் சொன்னதில்லை.

அனுசியாவின் அப்பா லாரி விபத்தில் போனபோது அவளுக்கு ஐந்து வயது. அம்மா அவளைச் சுங்கை ரம்பாயில் சுசீலா சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, பத்து பெரண்டாமில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலைக்கு, அவள் பேச்சில் கிலாங் வேலைக்கு, போனாள். மூன்று வருடம் அப்படியே ஓடியது. வேலைக்குப் போனது அனுசியாவுக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். பஸ் ஏறினால் அரை நாளில் வந்து திரும்பிவிடக் கூடிய தூரம். அப்படியிருந்தும் அம்மா மாதத்தில் ஒரு நாள்தான் வந்தாள். சில மாதங்களில் அந்த ஒரு நாளும் வரவில்லை. ஏன்? கேட்டால், "அப்ப அப்படி" என்பாள். மறுபடி கேட்டால், "அடுப்புல ஏதோ தீயுது பாரு" என்பாள். அடுப்பில் ஒன்றுமே இருக்காது.

பதில் வராததால் அனுசியா தானே ஒரு பதிலை உண்டாக்கி வைத்திருந்தாள். லீவு கொடுக்காத சூப்பர்வைசர். தலையணையில் முகம் புதைத்து அழும் இளம் விதவை. பஸ் காசைச் சேர்த்துச் சேர்த்து மகளுக்குப் பால்மாவு வாங்கிய கை. தனக்கு நாற்பது வயது தாண்டியபின் அந்தப் பெண்ணை அவள் மன்னித்தும் விட்டாள். அம்மா வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வரிசை வீடுகளின் படங்களுக்கும் ரப்பர் பால் வாளிகளுக்கும் நடுவே அம்மாவுக்கு மேசை போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய பதாகை. ரப்பர் மரம், உதிக்கும் சூரியன், 'ரப்பர் காட்டின் தாய்' என்று கொட்டை எழுத்து.

"இது யாருடி?"

"நீதாம்மா."

"நா எங்கடி பாலுக்கு மரம் வெட்டுனேன்? கல்யாணத்துக்கு முந்தி மூணு நாளு வெட்டுனேன். மரத்துக்குக் காயம் வச்சிட்டேன்னு வேலை வாங்குற மண்டோர் வெரட்டி விட்டுட்டாரு."

"மெதுவா பேசும்மா."

"இருபத்தேழு வருஷம் கிலாங்ல மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சிக் கம்பி ஒட்டுனேன். அதப் போடாம, காட்டுக்குத் தாயாம். நா என்ன யானையா?"

அனுசியா இதைத்தான் மாற்றச் சொல்லிப் புவான் ரொஹானாவிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தாள். பதாகை அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது. அதை அம்மாவிடம் விளக்கத் தெம்பில்லை. அதற்குள் புவான் ரொஹானாவே வந்து அம்மாவின் சேலையைத் தொட்டுத் தொட்டு அழகு, அழகு என்றார். அம்மா டின்னைத் திறந்து நீட்டினாள். நூலகத் தலைவி, உணவு உண்ணத் தடை என்று தானே கையெழுத்திட்டு ஒட்டிய அறிவிப்புக்குக் கீழே நின்று, முறுக்கை மொறுமொறுவென்று கடித்துத் தின்றார்.

"பாத்தியா?" என்று அம்மா கண்ணால் கேட்டாள்.

மணி அடிக்கும் பொறுப்பு அனுசியாவுக்கு. விதிகளை எழுதி மேசைதோறும் அட்டை வைத்ததும் அவள்தான். புத்தகத்தை மதிக்கவும். படம் எடுக்கக் கூடாது. கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

முதலில் ஒரு மலாய்ப் பையன் வந்து உட்கார்ந்தான். மணி அடித்தபோது அவனுடைய அம்மா எந்தப் பள்ளியில் ஆசிரியை, அண்ணன் ஏன் பெண்டாட்டியோடு தனியாகப் போனான், கணக்கில் ஏன் தோற்றான் என்பதெல்லாம் அன்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்னம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அவள் முறுக்கு நன்றாகச் சுடுவாள் என்பது மட்டும்தான்.

"அம்மா, அவன்தான் உங்கிட்ட கேக்கணும். நீ பதில் சொல்லணும்."

"பாவம், புள்ளைக்குப் பேச ஆளில்ல. வீட்டுல யாரும் காது குடுக்கறதில்ல போல."

அனுசியா பல்லைக் கடித்தாள். இதை யார் சொல்கிறார்கள் பார்.

அடுத்து வந்தவர் கணேஸ்வரன் என்ற விரிவுரையாளர். தொழிலாளர் சுரண்டலைப் பற்றிப் பத்துக் கேள்வி தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். பத்து நிமிடத்தில் முகம் சிவக்க எழுந்து போனார். "சம்பளம் பத்துச்சான்னு கேட்டாரு," என்றாள் அம்மா. "ஒங்களுக்குப் பத்துதா சார்னு கேட்டேன். அதுக்குப் போயி கோவமா?"

"ஏம்மா எல்லாரையும் எடுத்தெறிஞ்சி பேசற? ஒழுங்கா கதைய சொல்லேன்!"

"ஒழுங்கா கேட்டா சொல்லுவேன்."

மூன்றாவதாக உட்கார்ந்தது ஷாமினி. கணக்கியல் படிக்கும் முதல் வருட மாணவி, தாமான் எனும் நகரக் குடியிருப்பில் வளர்ந்த பெண், வாய் ஓயாதவள். இவளும் அம்மாவும் சேர்ந்தால் கூரை பறக்கும் என்று நினைத்து அனுசியா மற்ற மேசைகளைக் கவனிக்கப் போனாள். திரும்பி வரும்போது அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் காதில் விழுந்தது. சுங்கை ரம்பாய்.

அவள் கால் நின்றுவிட்டது. அம்மா முன்னால் குனிந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். கைகள் காற்றில் எதையோ அளந்தன. அனுசியா கண்காட்சிப் படம் ஒன்றைப் பார்ப்பவள்போல் பக்கவாட்டில் நகர்ந்தாள். "...எம்மக அங்க இருந்தா. நா இங்க..." என்று கேட்டது. இன்னும் ஓர் அடி நகர்ந்தாள். அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். உடனே குரல் மாறியது. "அது கெடக்குதும்மா. ஒங்கப்பா என்ன வேலை?"

அனுசியா மணியை ஓங்கி அடித்தாள். நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுதிருக்கிறாள் என்றுதான் அனுசியா முதலில் நினைத்தாள். கிட்டே போனபின்தான் தெரிந்தது, சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

"என்ன சொன்னாங்க?"

"ஐயோ அக்கா, ஒங்கம்மா செம்ம ஆளு லா!"

"சுங்கை ரம்பாய் பத்தி என்னமோ சொன்னாங்களே. என்ன அது?"

ஷாமினி மேசையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "சாரி அக்கா. கேட்டத வெளிய சொல்லக் கூடாதாம்."

"எழுதுனதே நாந்தான் ஷாமினி."

"அதான் அக்கா. நீங்களே ரூல் போட்டுட்டு நீங்களே மீறச் சொன்னா எப்படி? அப்புறம் எங்கள மட்டும் ஃபைன் கட்டச் சொல்றீங்க." அவள் முறுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அனுசியாவுக்கு அந்தப் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. தனக்கென்று வைத்திருந்த பதிலை யாரோ ஒருத்தி முறுக்கோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு போகிறாள்! அவள் மணியை மேசையில் வைத்தாள். வரிசையில் அடுத்து யாரும் இல்லை. அம்மாவுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குடி ஒக்கார்ற? வேலை இல்ல?"

"இருபது நிமிஷம். எனக்கும் இரவல் உண்டு."

"பைத்தியமா ஒனக்கு?"

"ஏன் நீ மாசாமாசம் வரல? அதச் சொல்லு. அந்தப் பொண்ணுக்குச் சொன்னல்ல?"

அன்னம்மா முந்தானையைச் சரிசெய்தாள். அடுப்பு இல்லாத இடம். தீயுது பார் என்று சொல்ல வழியில்லை. "அந்தப் பொண்ணு எழுந்து போயிரும்," என்றாள் கடைசியில். "நீ வீட்டுக்கு வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ."

"வச்சிக்க மாட்டேன்."

"இப்பவே வச்சிருக்க."

"அம்மா!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்னம்மா வளையலைத் திருகிக்கொண்டே, மகளைப் பார்க்காமல், பின்னாலிருந்த பால் வாளிகளைப் பார்த்துச் சொன்னாள்.

"நா சந்தோஷமா இருந்தேன்டி."

அனுசியா மேசை அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"எட்டுப் பொண்ணுங்க ஒரு வாடகை வீட்டுல. ஷிப்டு முடிஞ்சி வந்து படுத்தா எழுப்ப ஆளில்ல. சின்ன வயசுல தம்பி தங்கச்சிங்களத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒங்கப்பா. அப்புறம் நீ. முழுசாத் தூங்குனதுன்னா அங்கதான். சம்பளம் போட்டா டவுனுக்குப் போவோம். படம் பாப்போம். காலுக்குச் சப்பாத்து வாங்குனேன், ஒசரமா குதி வச்சது. ஒன்ன நெனைக்காம இல்ல. நெனச்சா வரணும்னு தோணும். வந்தா நீ அழுவ. அந்த அழுகையத் தூக்கிட்டு பஸ் ஏறுனா ரெண்டு நாளு கை ஓடாது. கம்பி கோணிக்கும், சூப்பர்வைசர் கத்துவான். அதனால சில மாசம் வரல. போதுமா?"

லீவு கொடுக்காத சூப்பர்வைசர் எங்கே, தலையணை எங்கே? அனுசியா இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த மன்னிப்பு, வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த ரவிக்கைபோல் அவள் கையில் இருந்தது. இந்த அம்மாவுக்கு அது எந்தப் பக்கமும் சேராது. அழுதிருந்தால் மன்னிக்கலாம். குதி வைத்த சப்பாத்து வாங்கியவளை என்ன செய்வது?

"அவ்வளவு சந்தோஷமா இருந்தா அப்படியே இருந்திருக்கலாம்ல? எதுக்கு வந்து கூட்டிட்டுப் போன?"

"இருந்திருப்பேன்," என்றாள் அன்னம்மா, சற்றும் யோசிக்காமல். "ஒரு தடவை வந்தேன். நீ சுசீலாவ அம்மான்னு கூப்பிட்ட. எம்முன்னாலயே. அவளும் என்னான்னு கேட்டா. எனக்குப் பொறுக்கல. ஒன் சட்டை துணியக்கூட எடுக்கல. கையப் புடிச்சி இழுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடுனேன். கல்லு ரோட்டுல குதி ஒடஞ்சி போச்சு."

அந்த நாள் அனுசியாவுக்கு நினைவிருந்தது. சின்னம்மா வேலியோரம் நிற்க, அவளிடம் போக வேண்டும் என்று கத்தியது. பழக்கம் விட்டுப்போன ஒரு பெண் நொண்டி நொண்டித் தன்னை இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பெண்ணுக்குக் காலில் ஏதோ குறை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். குறை எப்போது சரியானது என்று யோசித்ததே இல்லை.

"அனு! நேரம் முடிந்தது! எல்லோரும் குரூப் படத்துக்கு வாருங்கள்!" புவான் ரொஹானா கை தட்டிக்கொண்டே வந்தார். "புத்தகங்கள் எல்லாம் முன் வரிசை!"

அன்னம்மா சட்டென்று எழுந்து சேலையை நீவினாள். படம் என்றால் அவளுக்கு எப்போதும் ஆசை.

"ஒக்காரும்மா," என்றாள் அனுசியா.

"கூப்பிடறாங்கடி."

"கூப்பிடட்டும். ஒக்காரு." பிறகு தலைவியின் பக்கம் திரும்பி, தான் இதுவரை அவரிடம் பேசியிராத குரலில், "இன்னும் முடியவில்லை, புவான்," என்றாள் மலாயில். புவான் ரொஹானா கைதட்டலைப் பாதியில் நிறுத்தி, அடுத்த மேசைக்குப் போனார்.

அன்னம்மா உட்கார்ந்தாள். திட்டு விழப்போகிறது என்று காத்திருப்பவள்போல் முகத்தை இறுக்கிக்கொண்டாள். அனுசியாவிடம் திட்டு நிறையவே இருந்தது. கோபம் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று அம்மா சொன்னது நடக்கத்தான் போகிறது. ஆனால் மூன்று வருடம் தூங்கி எழுந்து, எட்டுப் பெண்களோடு டவுனுக்குப் போன அந்தப் பெண்ணை அனுசியா இதற்குமுன் பார்த்ததே இல்லை. அவள் எப்படி இருப்பாள் என்று தெரியவில்லை.

"என்ன கலரு?" என்று கேட்டாள்.

"எது?"

"சப்பாத்து."

அன்னம்மா மகளைச் சந்தேகமாகப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று தேடினாள்.

"செவப்பு," என்றாள் மெதுவாக. "பக்கத்துல வாரு வச்சது. போட்டா இவ்வளவு ஒசரம் இருப்பேன்." மேசைக்கு மேலே கையை உயர்த்தி, போதாதென்று தோன்றியதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.